கேரவனைப் பற்றி ஒரு வார்த்தை

குளியலறைத் தராசின் முள் நூறைத் தாண்டியபோது ட்ரெவர் பிக்கர்ஸ்கில் வீட்டு வாசலில் ஈரத் தரையில் குப்புறப் படுத்திருந்தார். தராசின் மேல் பாதியாக அறுத்த துடைப்பக் கம்பு. கம்பின் மேல், மூன்று நாளுக்கு முன்பு வாங்கிய, காரின் பின்னால் கட்டி இழுக்கும் கேரவனின் மூக்கு.

"அது என் தராசு," என்றார் மொரீன், சமையலறை சன்னலிலிருந்து.

"தெரியும். இதோட மூக்குப் பாரம் எவ்வளவுன்னு பாக்கறேன். கார் கொக்கி மேல அவ்வளவும் உக்காரும்."

"எவ்வளவு?"

"நூத்தி நாலு."

"எவ்வளவு இருக்கணும்?"

ட்ரெவர் கையேட்டைப் பார்த்தார். அவருடைய சின்னக் காரின் கொக்கி ஐம்பது கிலோ தாங்கும் என்று அதில் இருந்தது. மனைவியிடம் இதைச் சொல்வதா விடுவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முள் நூற்றுப் பத்தைத் தொட்டது. கம்பு வழுக்கியது, கேரவன் மூக்கை இறக்கியது, தராசின் கண்ணாடி நாலாகப் போனது.

"என் தராசா இருந்துச்சு," என்று திருத்திக்கொண்டு மொரீன் சன்னலை மூடினார்.

மூக்குப் பாரம் சின்ன விஷயம். பெரிய விஷயம் கையேட்டின் அடுத்த பக்கத்தில் இருந்தது. முதன்முதலாக கேரவன் இழுப்பவர்கள், காரின் எடை நூறு என்றால் கேரவனின் எடை எண்பத்தைந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் சாலையில் கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும், கார் அதன் பின்னால் போக நேரிடும். ட்ரெவருடைய கார் ஆயிரத்து நூறு கிலோ. கேரவன் ஆயிரத்து நானூற்றி எண்பது.

இதை வாங்குவதற்கு முன்பே படித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மொரீனும் கேட்டார்.

உண்மையில் ஓல்ட்ராய்டின் கேரவன் விற்பனை மைதானத்தில் குடும்பமே சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தது. மொரீன் அடுப்பின் கதவைத் திறந்து திறந்து மூடினார். பதின்மூன்று வயது ஜோவான் காலணியைக் கழற்றிவிட்டு ஒரு கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒன்பது வயது கெவின் கழிப்பறைத் தண்ணீரை ஒன்பது முறை இழுத்துப் பார்த்தான். மற்றவர்கள் செய்வதைப் பார்த்து ட்ரெவர் ஒரு டயரைக் காலால் தட்டினார். தட்டியதில் என்ன தெரிந்தது என்று அவருக்கே தெரியாது.

ஓல்ட்ராய்ட் நியாயமான மனிதர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதை வெச்சு இழுக்கப் போறீங்க, தம்பி?"

ட்ரெவர் திரும்பி, இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே நசுங்கி நின்ற தன் காரைப் பார்த்தார். அதைக் கை காட்டினால் ஓல்ட்ராய்ட் முடியாது என்று சொல்ல வேண்டிவரும். அதற்கு ட்ரெவர் மன்னிப்புக் கேட்க, ஓல்ட்ராய்ட் பதிலுக்கு மன்னிப்புக் கேட்க, இருவரும் அந்த வெட்கத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். யார்க்‌ஷயரில் அப்படியொரு பேச்சைத் தவிர்க்க மனிதர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பாடுபடுவார்கள்.

"பெருசா ஒண்ணு வரப்போகுது," என்றார் ட்ரெவர்.

இப்போது அது வந்தாக வேண்டும். ஏனென்றால் மே மாதக் கடைசியில் வரும் விட்சன் விடுமுறைக்கு ஏழு வாரம்தான் இருந்தது. போன ஆண்டு விட்சனுக்கு வேல்ஸில் கூடாரம் போட்டார்கள். ஆறு நாள் மழை. ஏழாம் நாள் மழை நின்றதும் ஓர் ஆடு உள்ளே வந்து படுத்துக்கொண்டது. திரும்பி வரும் வழியில் மொரீன் அமைதியாகச் சொல்லிவிட்டார்: அடுத்த விடுமுறையில் நான்கு பக்கமும் கெட்டியான சுவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் மோர்கம்பில் தன் அக்கா வீட்டுக்குப் போகலாம். அக்காவின் கணவர் டெஸ்மண்ட் ரயில் நிலையங்களைப் படம் பிடிப்பவர். திரையைக் கட்டி, விளக்கை அணைத்து, ஒரு நாளைக்கு நானூறு காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு.

டெஸ்மண்டின் பயம் பாதி. மீதிப் பாதி ஆசை. பதினோரு ஆண்டுக்கு முன்பு இந்த ஸ்லேட்டர் குளோஸ் தெருவில் ட்ரெவர் குடிவந்த அன்று, தெருவோரம் யாருடைய கேரவனோ ஒன்று நின்றிருந்தது. மழை. உள்ளே மஞ்சள் விளக்கு. பெட்டிகளைப் பிரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அது இல்லை. யாரோ விருந்தாளியுடையது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து மழை பெய்யும்போதெல்லாம் மனிதருக்கு அந்த ஞாபகம் வந்துவிடும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

தராசு உடைந்த மறுநாள் காலை, கதவின் தபால் துளை வழியாக ஒரு சீட்டு விழுந்தது. பக்கத்து வீட்டு எர்னஸ்ட் ஹெப்டனின் கையெழுத்து.

'அன்புள்ள ட்ரெவர், நீங்கள் கேரவன் வாங்கியிருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. வசதிப்படும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசலாமா? அவசரமே இல்லை.'

'அவசரமே இல்லை' என்பதன் கீழே கோடு போட்டிருந்தது.

ட்ரெவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர். இருபது ஆண்டு அனுபவம். திட்டி எழுதுபவர்களைப் பற்றி அவர் கவலைப்பட்டதே கிடையாது; அவர்கள் திட்டியதோடு விட்டுவிடுவார்கள். மரியாதையாக எழுதுபவர்கள்தான் கடைசிவரை போகிறவர்கள்.

"கோடு போட்டிருக்காரு, மொரீன்."

"பாத்தேன். பதினோரு வருஷத்துல அவரு நமக்கு எழுதுற முதல் சீட்டு."

பதினோரு ஆண்டில் ஹெப்டன் தம்பதியோடு பேசியது மொத்தமும் வானிலைதான். ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய கார் எப்போதும் பின்பக்கத்தைக் கராஜ் கதவோடு ஒட்டி நிற்கும். சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு ஒரு ஃப்ளாஸ்க், ஒரு கேக் டப்பாவோடு கிளம்பிப் போய் நாலு மணிக்குத் திரும்புவார்கள். ஹெப்டனின் மனைவி ஐவியின் அக்கா யாரோ முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்று மொரீன் நம்பினார். அப்படி ஒரு அக்கா இருக்கிறாரா என்று கேட்டதில்லை.

ட்ரெவர் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்தார். பயந்தது சரியாகப் போயிற்று. பதினான்காம் ஷரத்து: இந்தத் தெருவில் எந்த வீட்டாரும் தெருவிலிருந்து தெரியும்படி கோழி, படகு, கேரவன் ஆகியவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது. அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தால் அகற்ற வேண்டும்.

வேலியைச் சுற்றிப் பதினைந்து அடி நடந்து ஹெப்டனின் கதவைத் தட்டியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ட்ரெவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஒரு பதில் எழுதி அவர்கள் கதவில் போட்டார்: 'உங்கள் கருத்துக்கு நன்றி. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.'

நடவடிக்கை முதலில் காரில் ஆரம்பித்தது. சின்னக் காரை விற்றுவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு பெரிய டீசல் வண்டியை வாங்கினார். ஆயிரத்து எண்ணூறு கிலோ. கொக்கி நூறு கிலோ தாங்கும். விவசாயி ஒருவரிடமிருந்து வாங்கியது. முதல் வாரம் முழுக்க உள்ளே ஆட்டு வாடை. "வேல்ஸ் ஞாபகம் வருது," என்றாள் ஜோவான்.

புதுத் தராசும் வாங்கினார்கள். மூக்குப் பாரத்தின் ரகசியம் பிடிபட்டது: மொரீன் நாற்பத்திரண்டு டப்பா பீன்ஸும் தக்காளி சூப்பும் வாங்கி முன்பக்கப் பெட்டியில் அடுக்கியிருந்தார். வெளியூரில் நல்ல சூப் கிடைக்காது என்பது அவர் கட்சி. வெளியூர் என்பது ஐம்பது மைல். டப்பாக்களை நடுச் சக்கரத்துக்கு மேலே மாற்றியதும் முள் எழுபத்தெட்டில் நின்றது. ட்ரெவர் தரையில் படுத்தபடியே சிரித்தார்.

எழுந்து பார்த்தபோதுதான் அடுத்த சங்கடம் தெரிந்தது. வாசலில் கேரவனும் பெரிய காரும் சேர்ந்து அடங்கவில்லை. ஆறடி வெளியே நீட்டிக்கொண்டிருந்த காரைச் சுற்றிக்கொண்டு தபால்காரர் தெருவில் இறங்கிப் போனார். எனவே காரைத் தெருவில், ஹெப்டன் வீட்டு வரவேற்பறை சன்னலுக்கு நேராக நிறுத்த வேண்டியதாயிற்று.

அன்று மாலையிலிருந்து ஹெப்டன் மாடி சன்னலில் தெரிந்தார். கையில் டீக் கோப்பை. கேரவனையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"மாடிக்கு ஏறிப் பாக்கற அளவுக்குப் போயிட்டாரு," என்றார் ட்ரெவர், திரைக்குப் பின்னாலிருந்து.

"நாம கார நிறுத்தினதுல கீழருந்து தெரியல போல," என்றார் மொரீன்.

இனி கேரவன் தெருவுக்குத் தெரியக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டால் ஷரத்து ஒன்றும் செய்ய முடியாது. பக்கவாட்டு வழியை அளந்தார்: ஏழு அடி. கேரவன் ஏழேகால். பக்கவாட்டு கேட்டின் தூணைப் பிடுங்கினார். அப்போதும் ஏழடி மூன்று விரற்கடைதான் வந்தது. சனிக்கிழமை ஹெப்டன்கள் ஃப்ளாஸ்கோடு கிளம்பிய பிறகு, மொரீன் பின்னால் நின்று கை காட்ட, ஒரு முறை உள்ளே தள்ளியும் பார்த்தார். கேரவனின் ஓரத்துப் பட்டியும் வீட்டு மழைநீர்க் குழாயும் சேர்ந்து கழன்று வந்தன.

திங்கட்கிழமை அடுத்த சீட்டு.

'அன்புள்ள ட்ரெவர், நீங்கள் மிகவும் சிரமப்படுவதைப் பார்க்கிறோம். எங்களுக்காக இதெல்லாம் செய்ய வேண்டியதே இல்லை. ஒரு வார்த்தை பேசினால் போதும்.'

"குத்திக் காட்டறாரு," என்றார் ட்ரெவர். "'எங்களுக்காக'ன்னு எழுதியிருக்காரு பாரு. இந்த மாதிரி எழுதுறவரு ஒருத்தரு எங்க ஆபீஸ்ல மேலதிகாரி வரைக்கும் போயிட்டாரு."

அவர் ஓல்ட்ராய்டிடம் போனார். கேரவன் கொஞ்சம் அகலமாக இருப்பதுபோலத் தோன்றுகிறது, மன்னிக்க வேண்டும் என்றார். ஓல்ட்ராய்ட் தானும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பழுதைச் சரிசெய்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பதிலுக்கு ஆறேகால் அடி அகலத்தில் குட்டியாக ஒன்றைக் காட்டினார். எண்ணூறு கிலோ. பக்கவாட்டு வழியில் அது வெண்ணெயில் கத்திபோலப் போய்ப் பின்தோட்டத்தில் நின்றது. தெருவிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ட்ரெவர் இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டே திரிந்தார்.

மூன்றாம் நாள் மொரீன் உள்ளே போய்க் கட்டில்களை எண்ணினார்.

"ரெண்டுதான் இருக்கு."

"பசங்களுக்கு வெளிய ஒரு மறைப்புக் கட்டிக்கலாம். கேரவன் பக்கத்துலயே பொருந்துற மாதிரி விக்கறாங்க. துணியில."

"கம்பு நட்டு, கயிறு கட்டி?"

"ஆமா."

"அதுக்குப் பேரு கூடாரம், ட்ரெவர்."

மொரீன் வேறொன்றையும் கவனித்திருந்தார். கையேட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். "இத நம்ம பழைய காரே இழுத்திருக்கும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சொல்லிவிட்டு உள்ளே போய், டெஸ்மண்டுக்குத் தொலைபேசியில் விட்சனைப் பற்றி மேலோட்டமாக ஒரு வார்த்தை போட்டு வைத்தார். டெஸ்மண்ட் மகிழ்ச்சியில் ஸ்காட்லாந்து ரயில் நிலையப் படங்களைத் தனியாக எடுத்து வைப்பதாகச் சொன்னாராம்.

ஒரு மனிதன் தன் குடும்பத்தோடு ஒரு வாரம் நனையாமல் உட்கார்ந்து டீ குடிக்க ஆசைப்பட்டான். அதற்கு எத்தனை தடை. ட்ரெவர் பின்தோட்டத்துக் குட்டிக் கேரவனின் படியில் உட்கார்ந்து யோசித்தார். அங்கிருந்து பார்த்தால் ஹெப்டனின் மாடி சன்னல் தெரியவில்லை. ஆனால் ஹெப்டன், தம் பின்தோட்டத்தில் ஏணி போட்டு ஏறி, வெட்ட எதுவுமே இல்லாத வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் அசைவதாகத் தெரியவில்லை. கண் கேரவனில் இருந்தது.

"சாயந்தரம் வெயில் வந்தாலும் வரும்," என்றார் ஹெப்டன், ஏணியிலிருந்து.

"வரட்டும், நல்லதுதான்," என்றார் ட்ரெவர்.

ஹெப்டன் வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ட்ரெவர் அதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முடிவு செய்துவிட்டார். ஓல்ட்ராய்டிடம் மூன்றாம் முறையாகப் போனார். நாலு பேருக்குக் கட்டில், நல்ல அடுப்பு, பெரிய கார் இழுக்கக்கூடிய எடை, இதெல்லாம் பொருந்துகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஓல்ட்ராய்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு அவரை மைதானத்தின் கடைசிக்கு அழைத்துப் போனார். அங்கே அவர்களுடைய முதல் கேரவன் நின்றது. ஓரத்துப் பட்டி புதிதாகப் போட்டிருந்தது. முன்பெட்டியில் தக்காளி சூப் ஒரு டப்பா மிச்சமிருந்தது.

"இதப் பாக்க வர்றவங்க எல்லாம் எதுக்குத் திருப்பிக் குடுத்தாங்கன்னு கேக்கறாங்க," என்றார் ஓல்ட்ராய்ட். "எனக்கும் சொல்லத் தெரியல."

இந்த முறை கேரவன் ஸ்லேட்டர் குளோஸ் பக்கமே வரவில்லை. பதினாலு மைல் தள்ளி ஒரு பண்ணை இருந்தது. ஆடு மேய்த்த வயலில் கல் பரப்பி, வீட்டில் இடமில்லாதவர்களின் கேரவன்களை வாடகைக்கு நிறுத்தி வைக்கிறார்கள். ட்ரெவர் விட்சனுக்கு முந்தின புதன்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் விடுப்பு எடுத்து, அதைக் கொண்டுபோய் அவர்கள் காட்டிய இடத்தில் விட்டார். இருபத்தொன்றாம் எண். இருபுறமும் உறை போட்டு மூடிய கேரவன்கள். ஒருவரையும் காணோம். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாளே மூன்றாம் சீட்டு வந்தது.

'அன்புள்ள ட்ரெவர், மொரீன், கேரவன் போய்விட்டதைப் பார்த்தோம். நாங்கள் எழுதியே இருக்கக் கூடாது. மிகவும் வருந்துகிறோம். ஐவிக்கு மனசே சரியில்லை.'

மொரீன் இரண்டு முறை படித்தார். "ட்ரெவர், இது நிஜமாவே வருத்தப்பட்டு எழுதின மாதிரி இருக்கு."

"வருத்தம்னு எழுதினா அடுத்தது வக்கீல்," என்றார் இருபது ஆண்டு அனுபவம். "கேரவன் போயிருச்சே, இன்னும் என்ன வேணும் அவருக்கு?"

விட்சன் சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு நாலு பேரும் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். துணிமணி, மழைச் சட்டை, மொரீனின் தலையணை, புதுத் தராசு. பண்ணைக் கதவைத் தாண்டி வரிசையில் திரும்பியதும் ட்ரெவர் பிரேக்கை மிதித்தார். இருபத்தொன்றுக்குப் பக்கத்தில், இருபத்திரண்டுக்கு முன்னால், ஹெப்டனின் கார் நின்றது.

"பின்னாடியே வந்திருக்காங்க," என்றார். "எல்லாரும் குனிங்க."

மொரீன் குனியவில்லை. கெவின் குனிந்து, பிறகு மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தான். "நமக்கு முன்னாடியே வந்திருக்காங்கப்பா," என்றான். "அப்புறம், அவரு வீட்டுச் செருப்புல இருக்காரு."

ட்ரெவர் பார்த்தார். கட்டம் போட்ட, கம்பளி வைத்த வீட்டுச் செருப்புதான். ஹெப்டன் கையில் தட்டோடு, இருபத்திரண்டாம் எண் கேரவனின் படியில் நின்றுகொண்டிருந்தார். அதன் உறை மடித்து ஒரு பக்கம் வைத்திருந்தது. பழைய கேரவன், ஆனால் மெழுகு போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. சன்னலுக்கு வெள்ளைத் திரை. உள்ளே மஞ்சள் விளக்கு. கெட்டில் சத்தம். பதினோரு ஆண்டில் முதன்முறையாக ஹெப்டனின் காரின் பின்பக்கம் தெரிந்தது. அதில் ஒரு கொக்கி. துருப் பிடிக்காமல் இருக்க, கொக்கியின் தலையில் ஒரு பழைய டென்னிஸ் பந்தை அறுத்து மாட்டியிருந்தது.

ட்ரெவர் இறங்கினார். ஹெப்டன் காது வரை சிவந்தார்.

"மழை வராது போல," என்றார் ட்ரெவர்.

"வராதுன்னுதான் ரேடியோவுல சொன்னாங்க," என்றார் ஹெப்டன்.

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். அங்கே இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க இடம் இருந்தது. பிறகு ஹெப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"மூக்குப் பாரம் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"எழுபத்தெட்டு."

"அருமை. டப்பா சாமானெல்லாம் நடுவுல வெச்சிட்டீங்கனு தெரியுது."

பேச்சு சத்தம் கேட்டு ஐவி ஹெப்டன் டீப்பாத்திரத்தோடு வெளியே வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். ட்ரெவரை, மொரீனை, பக்கத்துக் கேரவனை மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியது.

"நீங்களும் இங்கயே கொண்டாந்துட்டீங்களா, கண்ணு," என்றார். "எங்களால தான? உங்களதே வாசல்ல நிக்கும்போது, எங்களதையும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துக்கலாமான்னு ஒரு வார்த்தை கேக்கத்தான் அவரு எழுதினாரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்க வந்து உக்காந்து டீ குடிச்சிட்டுப் போறது இந்த வயசுல முடியல."

ட்ரெவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுக்கு எங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்? நாங்களா வேண்டாம்னு சொன்னோம்?"

"வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல, கண்ணு," என்றார் ஐவி. "நீங்க குடிவந்த அன்னிக்கு, மழையில, மாடி சன்னல்ல டீக் கோப்பையோட நின்னு அரை மணி நேரம் இதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க, பயந்துபோயி மறுநாள் விடியறதுக்குள்ள இங்க கொண்டாந்து விட்டுட்டோம்."